மலக்குழியில் கணவரை இழந்த பெண்களுக்கு எந்த ஆற்றுப்படுத்தல்? கெஸ்டால்ட் முறையும் மாற்று வழிகளும்

உரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதர்களைக் கழிவுநீர்க் குழாய்களிலும் மலக்குழிகளிலும் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இவ்வளவுக்குப் பிறகும் இறப்புகள் நிற்கவில்லை. இவ்வகை இறப்புகள் மிகுதியாகப் பதிவான மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. இறப்பவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் இத்தொழிலின் சுமை அருந்ததியர் சமூகத்தின் மேல்தான் மிகக் கடுமையாக விழுந்திருக்கிறது. இழப்பீட்டுக்கும் வழக்குக்கும், எவ்வளவு கரடுமுரடானதாக இருந்தாலும், ஒரு பாதை இருக்கிறது. இறந்தவருடைய மனைவியின் மனத்துக்கு என்ன செய்வது என்பதற்குத் தெளிவான பாதை எதுவும் வகுக்கப்படவில்லை. இக்குடும்பங்களோடு நிற்கும் சிறிய அமைப்புகள் அந்த வேலையையும் ஏற்க முன்வரும்போது, எந்த முறையில் தொடங்குவது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவை எடுக்க வேண்டியவர்களுக்காகவே இக்கட்டுரை.

ஓர் அமைப்பை எண்ணிக்கொள்வோம். அதில் உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலை முடித்த ஆற்றுப்படுத்துநர்கள் இருவர் இருக்கிறார்கள். அதே சமூகத்தைச் சேர்ந்த, பள்ளிப்படிப்பு முடித்த பெண் களப்பணியாளர்கள் நால்வர் இருக்கிறார்கள். நிதி ஓராண்டுக்கு மட்டுமே இருக்கிறது. முப்பது, நாற்பது குடும்பங்களை அவர்கள் சென்றடைய முடியும். இத்தகைய அமைப்பின் முன் பொதுவாக நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன. தன் உணர்வையும் உடலையும் அந்த நொடியில் கவனிக்கப் பழக்கும் கெஸ்டால்ட் என்ற உளவியல் சிகிச்சை முதலாவது. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் சில அமர்வுகளில் தரும் எளிய நடத்தைசார் ஆலோசனை இரண்டாவது. கதையாடல் சிகிச்சை மூன்றாவது. பெண்கள் ஒருங்கே கூடி அமரும் குழு முறை நான்காவது. இவற்றில் கெஸ்டால்ட்டைப் பற்றியே நான் அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் இந்நால்வழிகளில் அதிக வாக்குறுதி தருவதும் தவறாகக் கையாளப்பட்டால் அதிகக் கேடு செய்வதும் அதுதான்.

முறைகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். துயரம் நோயன்று. மனநலக் கோளாறு எதுவும் இல்லாத நிலையில், இழப்புக்கு உள்ளான எல்லோருக்கும் கட்டமைக்கப்பட்ட உளவியல் சிகிச்சையைப் பொதுவாக வழங்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. நீடித்த துயரக் கோளாறு என்ற வகைப்பாடு பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் இடம்பெற்றிருக்கிறது. குறைந்தது ஆறு மாதங்களாவது கடந்து, அந்தப் பண்பாட்டில் இயல்பாகக் கருதப்படும் அளவை மீறியும் துயரம் வாழ்க்கையை முடக்கும்போதுதான் அப்பெயரைப் பயன்படுத்த வேண்டும். ஆகவே நாற்பது குடும்பங்கள் இருந்தால் நாற்பது பெண்களுக்கும் சிகிச்சை என்று திட்டம் எழுதுவது முதற்படியிலேயே பிழை. முதல் சில மாதங்களில் அவர்களுக்குத் தேவைப்படுவது முதல் தகவல் அறிக்கையில் சரியான சட்டப் பிரிவுகள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் ஒருவர், வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கூட வரும் ஒருவர், இரவில் பிள்ளைகள் தூங்கிய பின் தொலைபேசியை எடுக்கும் ஒருவர். எந்த முறையைத் தேர்ந்தாலும் இதன் மேல்தான் அதைக் கட்ட வேண்டும்.

இந்த இழப்பின் தன்மையையும் மனத்தில் வைக்க வேண்டும். குழிக்குள் இறங்கிய முதல் ஆள் நச்சு வாயுவில் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போன தம்பியோ மகனோ கூட வேலை செய்தவரோ அடுத்து விழுகிறார். ஒரே வீட்டில் இரண்டு சாவு நேர்வது இப்படித்தான். ஒப்பந்ததாரரைக் கைது செய்யும் வரை உடலை வாங்க மாட்டோம் என்று மருத்துவமனை வாசலில் உறவினர்கள் அமர வேண்டியிருக்கிறது. நீதி கேட்பதற்குக் கையில் இருக்கும் ஒரே பிடிமானம் அந்த உடல்தான் என்பதால் அழுகைகூட ஒத்திவைக்கப்படுகிறது. பிறகு பிரேதப் பரிசோதனை, அவசர அடக்கம். வழியனுப்பும் வேளை அந்த மனைவிக்குக் கிடைக்கவே இல்லை. அதற்கு மேல், அவர் செய்த வேலையை வெளியே சொல்ல முடியாத கூச்சம். வேண்டாம் என்று தடுத்திருக்கலாமே என்ற குற்றவுணர்வு. குடித்துவிட்டு இறங்கினார் என்று பழியை அவர்மேலேயே போடும் பேச்சு.

கெஸ்டால்ட் முறை இந்த இடத்தில்தான் ஈர்க்கிறது. ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸும் லாரா பெர்ல்ஸும் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியை விட்டுத் தப்பிய யூதர்கள். நெதர்லாந்து வழியாகத் தென்னாப்பிரிக்கா சென்று, ஜோகன்னஸ்பர்க்கில் பன்னிரண்டு ஆண்டுகள் போல வாழ்ந்து, பின் நியூயார்க்கில் பால் குட்மேன் போன்றோருடன் சேர்ந்து இம்முறையை உருவாக்கினார்கள். அதன் அடிப்படை நூல் 1951இல் வெளிவந்தது. மனிதரை அவருடைய சூழலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்ற உளவியலாளர் கர்ட் லெவினின் களக் கோட்பாடு இதன் வேர்களில் ஒன்று. ஒருவருடைய துன்பம் அவர் மண்டைக்குள் மட்டும் இருப்பதன்று, அவருக்கும் அவருடைய உலகுக்கும் இடையிலான தொடர்பில் இருப்பது என்பதே அதன் பொருள். ஒடுக்கப்பட்டவர்களோடு பணிபுரியும் எவருக்கும் இந்தத் தொடக்கப்புள்ளி மதிப்புமிக்கது. நோயை மட்டும் தேடும் கண்ணுக்கு ஒப்பந்ததாரரும் நகராட்சியும் சாதியும் தென்படுவதில்லை. களத்தைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு அவை தென்பட்டாக வேண்டும்.

இம்முறையின் இரண்டு கருத்துகள் இப்பெண்களின் நிலைமையை விளக்கப் பெரிதும் உதவுகின்றன. பிறர் நம்மைப் பற்றிச் சொன்னதை மெல்லாமல் அப்படியே விழுங்கி, அது நம்முடைய எண்ணமே என்று நம்பி வாழ்வது ஒன்று. பிறரை நோக்கிச் செல்ல வேண்டிய உணர்வைத் தன்மீதே திருப்பிக்கொள்வது மற்றொன்று. "எங்க பொழப்பே இப்படித்தான்" என்று ஒரு பெண் சொல்லும்போது அது முதலாவதாக இருக்கலாம். ஒப்பந்ததாரர் மேல் வர வேண்டிய கோபம் தன்மேல் குற்றவுணர்வாகவும் தலைவலியாகவும் தூக்கமின்மையாகவும் படிவது இரண்டாவதாக இருக்கலாம். இவற்றைப் பெண்ணின் குறைபாடு என்று கெஸ்டால்ட் சொல்வதில்லை. ஒரு காலத்தில் உயிர்வாழ்வதற்காக அவர் கண்டுபிடித்த தகவமைப்பு என்றே சொல்கிறது. மாற்றத்தைப் பற்றிய அதன் பார்வையும் நினைக்கத்தக்கது. தான் அல்லாத ஒன்றாக ஆக முயலும்போது மாற்றம் வருவதில்லை, தான் இருக்கும் நிலையை முழுமையாக ஏற்கும்போதே வருகிறது என்ற புகழ்பெற்ற கருத்தை 1970இல் எழுதியவர் ஆர்னால்ட் பைசர். இளம் வயதில் போலியோவால் உடல் முழுவதும் செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்து பணிபுரிந்த மனநல மருத்துவர் அவர். இக்கருத்து வசதியான அறையில் பிறந்ததன்று என்பது எனக்குப் பொருட்படுத்தத்தக்கதாகத் தோன்றுகிறது.

காலி நாற்காலிப் பயிற்சிதான் பலரும் அறிந்த கெஸ்டால்ட் நுட்பம். மனச்சிக்கலை நடித்துக் காட்டி அணுகும் மொரேனோவின் உளநாடக மரபிலிருந்து வந்த இதில், இல்லாத ஒருவர் எதிரிலுள்ள நாற்காலியில் அமர்ந்திருப்பதாகக் கொண்டு அவரோடு பேசுவார்கள். சில வேளைகளில் இடம் மாறி அமர்ந்து அவராகவே பதிலும் சொல்வார்கள். முடிவுறாமல் நின்றுபோன உறவுகளுக்கு இது உதவுகிறது என்பதற்குச் சான்று உண்டு: கனடா ஆய்வாளர்களான பாய்வியோவும் கிரீன்பெர்க்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், 34 பேரில் இப்பயிற்சியைப் பெற்றவர்கள் உளவியல் தகவல் வகுப்பு மட்டும் பெற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். நீடித்த துயரத்துக்காக கேத்தரின் ஷியர் உருவாக்கிய சிகிச்சையிலும் இறந்தவரோடு கற்பனையில் உரையாடும் பகுதி ஒன்று இருக்கிறது. 2005இல் வெளியான சோதனையில் அது ஒப்பிடப்பட்ட மற்றொரு சிகிச்சையைவிடச் சிறந்த பலன் தந்தது. வழியனுப்ப முடியாமல் போன மனைவிக்கு இத்தகைய உரையாடல் பொருத்தமானதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

நம் பெண்களுக்கு இது அந்நியமானதும் அன்று. ஒப்பாரி இறந்தவரை முன்னிலையில் வைத்தே பேசுகிறது. அவரைக் கேள்வி கேட்கிறது, குறை சொல்கிறது, உயிரோடிருக்கும் உறவினர்களின் அநீதியையும் அவரிடமே முறையிடுகிறது. இந்த ஒற்றுமையைக் கண்டதும் அறைக்குள் ஒப்பாரியைக் கொண்டுவந்துவிடலாம் என்று ஆற்றுப்படுத்துநர்கள் உற்சாகப்படுவது இயல்பு. அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. பிறர் வீட்டுச் சாவுக்குப் பறையடிப்பதும் அழுவதும் சாதிக் கடமையாகத் திணிக்கப்பட்ட வரலாறு தலித் சமூகங்களுக்கு உண்டு. அதை மறுத்து நடந்த போராட்டங்களும் உண்டு. தன் வீட்டுத் துயரத்துக்கு ஒப்பாரி வைப்பது ஒரு பெண்ணுக்கு ஆறுதலாகவும் இன்னொருத்திக்கு அவமதிப்பாகவும் இருக்கலாம். அவரே தொடங்கினால் கூட இருக்க வேண்டும். நாம் கேட்டுப் பெறக் கூடாது. தவிர, பல அருந்ததியர் குடும்பங்களின் வீட்டுமொழி தெலுங்கு. இறந்த கணவரோடு தமிழில் பேசச் சொன்னால் அது அவரோடு பேசாத மொழியாக இருக்கக்கூடும். கேட்பவருக்குப் புரியாவிட்டாலும் அந்த மொழியிலேயே அவர் பேச வேண்டும். வேண்டியதைப் பின்னர் அவரே தமிழில் சொல்வார்.

நாற்காலி என்ற பொருளையும் நான் சும்மா விட்டுவிட முடியாது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவரைக் கூட்டங்களின்போது தரையில் அமர வைத்தது வெளிச்சத்துக்கு வந்தது. யார் நாற்காலியில் அமரலாம், யார் எழுந்து நிற்க வேண்டும் என்பது நம் கிராமங்களில் இன்றும் சாதிக் கேள்வி. அப்படிப்பட்ட களத்தில், "அந்த நாற்காலியில் காண்ட்ராக்டர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பெண்ணிடம் சொன்னால், அவரைக் குற்றவாளியாக நிறுத்துவதாக நாம் நினைப்போம். அப்பெண்ணின் உடலோ மேலதிகாரத்தின் முன் நிற்கப் பழகிய விதத்தில் சுருங்கக்கூடும். நியூயார்க்கில் அது வெறும் இருக்கை. இங்கே அப்படியில்லை. தரையில் பாய் விரித்து எல்லோரும் அமர்ந்து, இறந்தவரின் சட்டையையோ படத்தையோ வைத்துப் பேசுவது இதே வேலையை வேறு வழியில் செய்யும்.

இதைவிடப் பெரிய தயக்கம் கோபத்தைப் பற்றியது. தன்மீது திரும்பிய கோபத்தை வெளிக்கொணர்வது நல்லது என்று பாடம் சொல்கிறது. ஆனால் குடியிருக்கும் வீடு நகராட்சி வேலையோடு ஒட்டியிருக்க, மைத்துனர் அதே ஒப்பந்ததாரரிடம் வேலை செய்ய, சமரசம் பேச ஆட்கள் வந்துபோக, அப்பெண் தன் கோபத்தை விழுங்கிக்கொள்வது நோயாகாது, முன்யோசனை. அறைக்குள் கோபத்தைத் திறந்துவிட்டு, பாதுகாப்பில்லாத தெருவுக்கு அவரை அனுப்புவது பொறுப்பற்ற செயல். மறுபக்கமும் எனக்கு உறுத்துகிறது. தலையணையை அடித்து, வெற்றிடத்தைப் பார்த்துக் கத்தி, மனம் இலேசாகி வீடு திரும்பும் ஒருவர் வழக்கைத் தொடரும் வேகத்தை இழந்தால், நாம் யாருக்கு உதவினோம்? அந்தக் கோபத்துக்கு உண்மையான முகவரி இருக்கிறது. அது சேர வேண்டிய இடம் காவல் நிலையம், நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம். கெஸ்டால்ட்டின் களக் கோட்பாட்டை நேர்மையாகப் பின்பற்றும் ஆற்றுப்படுத்துநர் இதை மறக்க மாட்டார். நுட்பங்களை மட்டும் வார இறுதிப் பயிலரங்கில் கற்றவர் மறந்துவிடுவார்.

பயிற்சியின் தரத்தில்தான் இந்த வழி தடுமாறுகிறது. கலிபோர்னியாவின் எசலன் பயிலரங்க மையத்தில் 1960களில் பெர்ல்ஸ் நடத்திக் காட்டிய பாணி, குழுவின் முன் ஒருவரை அமர்த்தி, அவருடைய பாசாங்குகளை நெருக்கிக் கேள்வி கேட்டு உடைக்கும் பாணி. அவரவர் வழி அவரவருக்கு, உன் எதிர்பார்ப்பை நிறைவேற்ற நான் பிறக்கவில்லை என்ற உணர்வும் அக்காலத்து கெஸ்டால்ட்டோடு ஒட்டிக்கொண்டது. மாமியாரும் நாத்தனாரும் சங்கமும் தெருவும் தாங்கிப் பிடிப்பதால்தான் நிற்கிற ஒரு பெண்ணிடம் இந்தத் தனிமனித வாதம் எடுபடாது. எடுபட்டால் அதைவிட மோசம். அதிகாரத்தால் நெருக்கப்பட்டே வாழ்ந்தவரை உதவி என்ற பெயரில் இன்னொருவர் நெருக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். பிற்கால கெஸ்டால்ட், குறிப்பாக உறவை மையமாக்கிய கேரி யோன்டெஃப், லின் ஜேக்கப்ஸ் போன்றோரின் போக்கு, அந்த நெருக்குதலைக் கைவிட்டுவிட்டது. ஆனால் அதைக் கற்றுத் தேர்ச்சி பெற ஆண்டுகள் ஆகும். ஐரோப்பாவில் இதற்கான முறையான பயிற்சி பொதுவாக நான்கு ஆண்டுகள். ஓராண்டு நிதியுள்ள அமைப்பு இதைத் தன் முதன்மைச் சேவையாக அறிவிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

களப்பணியாளர்கள் தரும் எளிய ஆலோசனையின் வலிமை வேறு. கோவாவில் மனநல ஆய்வு அமைப்பான சங்கத் நடத்தி, 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான சோதனையில், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மனச்சோர்வுள்ள 495 பேர் பங்கேற்றனர். மனநலத் தொழில்படிப்பு எதுவும் இல்லாத ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் மனச்சோர்வைக் கணிசமாகக் குறைக்க முடிந்தது. மனச்சோர்வு ஒருவரை முடக்கிப் போடுகிறது, முடக்கம் சோர்வைக் கூட்டுகிறது, ஆகவே சிறிய, பொருளுள்ள செயல்களை ஒவ்வொன்றாக மீட்டெடுக்க வேண்டும் என்பதே அதன் மையம். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா தொடங்கிய 'நட்பு இருக்கை' திட்டத்தில், மருத்துவமனை வளாகத்து மர இருக்கையில் அமர்ந்து முதிய பெண்கள் சிக்கல் தீர்க்கும் ஆலோசனையை ஆறு அமர்வுகளில் தருகிறார்கள். 2016இல் வெளியான அதன் சோதனையும் நல்ல பலனைக் காட்டியது. சென்னையின் விளிம்பிலுள்ள மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ வசித்து, நகரத்துக்குள் வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணுக்கு, தன் குடியிருப்பிலேயே, வேலை முடிந்த நேரத்தில், தன் சாதிப்பெயரைக் கேட்டு முகம் மாறாத ஒருவர் கிடைப்பது சிறிய வசதியன்று. அன்றாடக் கூலியை இழந்து தொலைவு சென்று பெறும் உயர்தரச் சிகிச்சையைவிட, இழக்காமல் பெறும் நடுத்தரச் சிகிச்சை அதிகம் உதவும்.

குறைகளும் உண்டு. அச்சோதனைகள் மனச்சோர்வுக்கானவை, வன்முறையான, அநீதியான சாவின் துயரத்துக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. நாளொன்றுக்கு இரண்டு செயல்களைச் செய்து குறித்துவா என்று ஏட்டைக் கொடுத்தால், விடியலில் நான்கு வீடுகளில் வேலை செய்துவிட்டு வரும் பெண், முடங்கிக் கிடக்க எனக்கு ஏது நேரம் என்று கேட்பார்; அவருடைய கேள்வி சரியானது. அவருக்கு வேண்டியது அதிகச் செயல் அன்று, தனக்கென ஒரு மணிநேரம். அதே குடியிருப்பைச் சேர்ந்த களப்பணியாளர் என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: இழப்பீட்டுப் பணத்தைப் பற்றி மாமனாரோடு நடக்கும் சண்டையை அவரிடம் சொன்னால் அது தெருவுக்குப் போகாது என்று எப்படி நம்புவது? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மறைகாப்பை உரிமையாக்கியிருக்கிறது. அதைக் காகிதத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கினால் போதாது. ஒவ்வொரு களப்பணியாளருக்கும் தன் உறவுத்தெரு அல்லாத பகுதியை ஒதுக்க வேண்டும்.

கதையாடல் சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் ஒயிட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் வளர்த்தெடுத்த இம்முறை, சிக்கல்தான் சிக்கல், மனிதர் சிக்கல் அல்லர் என்ற நிலைப்பாட்டில் நிற்கிறது. சாதி இழிவைப் பெண்ணின் அடையாளத்திலிருந்து பிரித்து எடுத்துக் காட்ட அது நன்றாக உதவும். நான் அதை முதன்மையாகப் பரிந்துரைப்பது பிள்ளைகளுக்காக. ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா சூழலில் எச்.ஐ.வி.யால் பெற்றோரை இழந்த குழந்தைகளோடு பணிபுரிந்த அனுபவத்திலிருந்து ன்காசெலோ ன்குபேயும் டேவிட் டென்பரோவும் உருவாக்கிய 'வாழ்க்கை மரம்' பயிற்சி, இழப்பை நேரடியாகக் கிளறாமல், யாரிடமிருந்து எதைப் பெற்றோம் என்பதை மரமாக வரைய வைக்கிறது. தாளும் வண்ணமும் போதும். அப்பா என்ன வேலை செய்தார் என்று பள்ளியில் கேட்கப்படும் கேள்விக்குக் கூசும் பிள்ளைக்கு, அவர் தனக்குக் கற்றுத் தந்ததை எழுதிப் பார்க்க இடம் கிடைக்கிறது.

குழு முறை எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது. உகாண்டாவின் 30 கிராமங்களில் நடந்து 2003இல் வெளியான சோதனையில், குறுகிய காலப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் நடத்திய வாராந்தரக் குழு அமர்வுகள், பதினாறு வாரங்களில், மனச்சோர்வைப் பெருமளவு குறைத்தன. எயிட்ஸ் ஒவ்வொரு வீட்டையும் தொட்டிருந்த பகுதி அது. இழப்பு எல்லோருக்கும் பொதுவாக இருந்த இடத்தில் தனித்தனி அறைகளைவிட ஒரு வட்டம் பொருந்தியது. இதே இழப்பை அடைந்த இன்னொரு பெண்ணைப் பார்க்கும்போதுதான், இது என் தலையெழுத்து என்பது தளர்ந்து, இது நமக்குச் செய்யப்பட்டது என்ற உணர்வு பிறக்கிறது. கெஸ்டால்ட் பல அமர்வுகளில் எட்ட முயலும் இடத்தை வட்டத்தில் அமர்ந்திருக்கும் மற்றொரு கைம்பெண்ணின் ஒரு வாக்கியம் எட்டிவிடுகிறது.

ஆனால் குழுவுக்கென்று ஒரு தீங்கு காத்திருக்கிறது. இப்பெண்கள் ஏற்கெனவே உண்மை அறியும் குழுவிடமும் பத்திரிகையாளரிடமும் ஆணையத்திடமும் மாநாட்டு மேடையிலும் அதே நாளின் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கப்பட்டவர்கள். ஆற்றுப்படுத்தல் குழு இன்னொரு சாட்சி மேடையாகக் கூடாது. கதை சொல்லாமல் வெறுமனே அமர்ந்திருக்கும் உரிமை முதல் நாளிலேயே அறிவிக்கப்பட வேண்டும். குழுவில் பேசியதை அமைப்பின் அறிக்கையிலோ நிதி விண்ணப்பத்திலோ பயன்படுத்தக் கூடாது. போராட்டக் கூட்டத்தையும் இந்தக் குழுவையும் வேறு வேறு நாளில், முடிந்தால் வேறு இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவையும் எடைபோட்ட பின் என் பரிந்துரை இது. இரு வாரத்துக்கு ஒருமுறை கூடும் பெண்கள் குழு அடித்தளமாக இருக்கட்டும். மனச்சோர்வு தெளிவாகத் தெரிபவர்களுக்குக் களப்பணியாளர்கள் வீட்டுக்கருகே குறுகிய ஆலோசனை தரட்டும். அதில் அமர்வுகளின் ஒழுங்கை வைத்துக்கொண்டு, செயல் அட்டவணைக்குப் பதிலாக ஓய்வையும் உறவையும் வழக்குச் சிக்கல்களையும் பொருளாகக் கொள்ளட்டும். தற்கொலை எண்ணம், மனமயக்கம், கடும் குடிப்பழக்கம் ஆகியவை தென்பட்டால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் கூடவே சென்று சேர்க்க வேண்டும். இரவுநேரத்துக்கு 14416 என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி (டெலி-மானஸ்) எண்ணை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைக்க வேண்டும்.

கெஸ்டால்ட்டுக்கென ஒதுக்கும் பணத்தை முதலில் அப்பெண்களுக்காகச் செலவிட வேண்டாம், ஆற்றுப்படுத்துநர்களுக்காகச் செலவிடுங்கள். முதுகலை முடித்த அந்த இருவரில் ஒருவரேனும் ஆதிக்க சாதிக் குடும்பத்தில் பிறந்தவராக இருக்கும் வாய்ப்பு அதிகம். அப்பெண்ணின் வீட்டில் தண்ணீர் கொடுத்தால் தன் கை ஒரு கணம் தயங்குகிறதா, மலக்குழி என்ற சொல்லைக் கேட்டதும் தன் முகம் என்ன செய்கிறது, அழுகை நீளும்போது வழக்குப் பேச்சுக்குத் தாவித் தப்பிக்கிறோமா என்பதைத் தன் உடலிலேயே அந்த நொடியில் கவனிக்கப் பழக்குவதில் கெஸ்டால்ட்டுக்கு இணையான முறை எனக்குத் தெரிந்து குறைவு. ஆற்றுப்படுத்துநரும் களத்தின் ஒரு பகுதியே என்று அது வற்புறுத்துகிறது. லின் ஜேக்கப்ஸ் வெள்ளையரான தன் இனச் சலுகை சிகிச்சை அறையில் என்ன செய்கிறது என்று எழுதியதைப்போல, சாதிச் சலுகை என்ன செய்கிறது என்பதை நம் ஆற்றுப்படுத்துநர்கள் மாதாந்தர மேற்பார்வையில் பேச வேண்டும். களப்பணியாளர்களுக்கும் இது தேவை, வேறு காரணத்துக்காக: அவர்கள் கேட்கும் ஒவ்வொரு கதையும் அவர்கள் வீட்டுக் கதையாக இருக்கக்கூடும்.

இறந்தவரோடு உரையாடும் பயிற்சியைச் சிலருக்கு மட்டும், சில நிபந்தனைகளோடு வைத்துக்கொள்ளலாம். இறப்பு நிகழ்ந்து குறைந்தது ஆறு மாதங்கள் கடந்திருக்க வேண்டும். அப்பெண் பலமுறை வந்து பழகிய பின், தானே சொல்ல முடியாமல் போன ஒன்றைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். முறையாகப் பயின்ற ஒருவர் நடத்த வேண்டும், குழுவின் முன் நடத்தக் கூடாது. எதிரில் அமர்த்தப்படுபவர் கணவர். ஒப்பந்ததாரரை ஒருபோதும் அமர்த்தக் கூடாது. அன்று மாலை அவரோடு வீட்டில் யாரேனும் இருக்க வேண்டும், மறுநாள் களப்பணியாளர் போய்ப் பார்க்க வேண்டும். "அக்கா, இத இங்கேயே நிறுத்திக்கலாமா?" என்று இடையில் கேட்கத் தெரியாதவர் இதைச் செய்யவே கூடாது. நாற்பது குடும்பங்களில் நான்கைந்து பேர் இதைக் கேட்டு வந்தால் அதுவே போதுமான எண்ணிக்கை. யாரும் கேட்காவிட்டால் திட்டம் தோற்றதாகக் கொள்ளத் தேவையில்லை.

நிதி எதிர்பார்த்தபடி வராமல் பாதியாகக் குறைந்தால், நான் முதலில் கைவிடுவது இறந்தவரோடு உரையாடும் பயிற்சியை. அடுத்து வெளியிலிருந்து வரும் பயிற்றுநரின் செலவைக் குறைப்பேன். குழுவின் தேநீர்ச் செலவு, பயணப்படி, நால்வரின் ஊதியம், அந்த மாதாந்தர மேற்பார்வை ஆகியவற்றில் கடைசிவரை கைவைக்க மாட்டேன்.